ராணி இங்கே வந்தால்?

8.5.88, ஞாயிறு

செஸ் சங்கக் கூட்டத்துக்கு விழுப்புரம் போய் வந்தேன். ஸ்டென்சில் இரண்டு முறை கிழிந்தது. தாண்டவராயன் சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கும் அந்த சைக்ளோஸ்டைல் உருட்டு மெஷின் என்னைவிட மூத்தது. மை ஊற்றினால் தாளில் பாதி, என் சட்டையில் பாதி. வீட்டில் கிருஷ்ணவேணி சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

எப்படியோ இருபது தாள் தேறியது. மெட்ராஸிலிருந்து வந்த செஸ் புல்லட்டினில் நான் கண்டெடுத்த ஆட்டம். போன வருஷம் அமெரிக்காவில் இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடியது. பெட்ராஃப் டிஃபென்ஸ் என்ற தொடக்கம். கறுப்பு தன் குதிரையை நடுவில் நிறுத்தி, ஐந்தாவது நகர்த்தலிலேயே அதற்குக் காவலாக பிஷப்பை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. பிறகு எந்தத் தகராறும் இல்லாமல் இருபதாவது நகர்த்தலில் டிரா. இந்த மாவட்டத்தில் ஒருவனுக்கும் தெரியாத சரக்கு. தாளின் தலைப்பில் நானே எழுதினேன்: ‘கறுப்புக்குப் புதிய வழி. கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம்.’ கீழே, அப்பாதுரை, சங்கச் செயலாளர், நான்கு முறை மாவட்ட சாம்பியன்.

சங்கத்தில் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். சவுரிராயன் மட்டும் தாளை மடிக்காமல் பலகையில் காய்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளியனூர்க்காரன், பஸ் கண்டக்டர், செஸ் புத்தகம் ஒன்றுகூடப் படித்ததில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆடிக் கற்றுக்கொண்ட ஆட்டம். ஏதோ ராணி அங்கே வந்தால் என்ன, இங்கே வந்தால் என்ன என்று கேட்டான். இரண்டு கிராண்ட்மாஸ்டர்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இப்படி ஆளாளுக்குக் கேள்வி கேட்டால் கூட்டம் எப்போது முடிவது?

10.5.88, செவ்வாய்

திண்டிவனம் விற்பனைக்கூட ஆபீசில் இன்று மல்லாட்டை வரத்து அதிகம். வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ரசீது எழுதியே கை ஓய்ந்துவிட்டது. மனசெல்லாம் பெட்ராஃப். ஜூனில் மாவட்டப் போட்டி. முதல் இரண்டு பேர் செப்டம்பரில் மதுரைக்கு, மாநிலப் போட்டிக்கு. ஐந்தாவது தடவையாக நான்.

11.6.88, சனி

மூன்று சுற்று, மூன்றும் வெற்றி. நாளை இரண்டு சுற்று.

12.6.88, ஞாயிறு

தோற்றேன்.

13.6.88, திங்கள்

எழுதித்தான் தீரவேண்டும். எழுதாவிட்டால் இது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நாலாவது சுற்றில் தாண்டவராயன் சாருடன் டிரா. கடைசிச் சுற்றில் சவுரிராயன். அவன் வெள்ளை, நான் கறுப்பு. எனக்கு ஒரு டிரா போதும், மதுரை உறுதி. சரி, நம் சரக்கு இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாய், குதிரை, சிப்பாய் வெட்டு, திரும்ப வெட்டு. என் குதிரை நடுவில் வந்து நின்றது. அவன் இன்னொரு குதிரையைக் கொண்டுவந்தான். நான் பிஷப்பை வைத்தேன். வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அவ்வளவு திமிர்.

திரும்பி வந்து பார்த்தால் அவன் ராணி ஒரே ஒரு கட்டம் நகர்ந்து தன் ராஜாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவன் ராணி, இந்தப் பக்கம் என் ராஜா, நடுவில் என் குதிரை. குதிரையை நகர்த்தவே முடியாது, நகர்ந்தால் ராஜா ராணியின் பார்வையில் விழும். நகராமல் நின்றால் ஒரு சிப்பாய் வந்து அடித்துவிடும். கட்டிப்போட்ட ஆடு மாதிரி நிற்கிறது. ராணியைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன், ராஜாவை இழுத்துப் பார்த்தேன், எல்லாம் மனசுக்குள்தான். எதுவும் தேறவில்லை. இருபது நிமிஷம் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு கையை நீட்டினேன்.

ஆறே ஆறு நகர்த்தல். நான் ஆடியது அதில் ஐந்துதான்! நான்கு முறை மாவட்ட சாம்பியன் — ஆறு நகர்த்தல். நேற்றுச் செஸ் கற்றுக்கொண்டவன்கூட இப்படித் தோற்க மாட்டானே. அச்சடித்த எழுத்தை நம்பினேன், அது குத்தமா? அந்த அமெரிக்கா ஆட்டத்துல வெள்ளை ஏன் ராணிய அங்க வெக்கல? ரெண்டு பேரும் தூங்கிக்கினு இருந்தானுங்களா?

தாண்டவராயன் சார் முதலிடம். சவுரிராயன் இரண்டாவது. நான் மூன்று.

14.6.88, செவ்வாய்

ஆபீசில் எடை போடும் கண்ணையன் வரைக்கும் செய்தி வந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு தபால் வர இரண்டு நாள் ஆகிறது, இதற்கு மட்டும் ஒரே நாள். கையில் ஒரு மல்லாட்டையை வைத்துக்கொண்டு வந்தான். “இன்னா சார், இத உரிச்சி வாய்ல போட்டுக்கினு திரும்பறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடுச்சாமே” என்றான். கமிஷன் மண்டிக்காரர்கள் எல்லாம் சிரிப்பு. செஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்.

19.6.88, ஞாயிறு

சங்கத்துக்குப் போகவேண்டாம் என்று இருந்தேன். செயலாளர் போகாமல் எப்படி? விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், டிக்கெட் கொடுக்க வந்தவன் சவுரிராயன். தலைவிதி. இறங்கிவிடலாம் என்றால் பஸ் புறப்பட்டுவிட்டது. தோற்கடித்தவன் கையால் டிக்கெட் வாங்கிக்கொண்டு பயணம் செய்யும் பாக்கியம் உலகத்தில் வேறு எந்தச் சாம்பியனுக்கும் கிடைத்திருக்காது.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் பக்கத்தில் வந்து நின்றான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை எனக்கு. முன்னாலேயே கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, எனக்கென்று ஒளித்து வைத்தாயா என்று கேட்டேன். அது ஆட்டக்காரனுக்கு அழகா என்றும் கேட்டேன்.

“எங்க சார் ஒளிச்சேன்? தாள் குடுத்த அன்னைக்கே கேட்டேனே, ராணி இங்க வந்தா இன்னா பண்றதுன்னு. நீங்கதான் கிராண்ட்மாஸ்டருக்குத் தெரியாததான்னீங்க.”

விசில் ஊதிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டான்.

மே 8-ஐத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது. ராணி அங்கே வந்தால் என்ன, இங்கே வந்தால் என்ன. அதைக் கேட்டபோது அவன் விரல் எந்தக் கட்டத்தில் இருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

21.6.88, செவ்வாய்

இனிமேல் அவன் பஸ் வந்தால் அடுத்த பஸ்.

26.6.88, ஞாயிறு

பழைய செஸ் புத்தகங்களை எல்லாம் இறக்கிப்போட்டு ஒரு பட்டியல் தயார் செய்கிறேன். பெரிய ஆட்டக்காரர்கள் ஆரம்பத்திலேயே சறுக்கிய ஆட்டங்கள். பாரிஸில் ஒரு மாஸ்டர் நான்கே நகர்த்தலில் தோற்றார் என்கிறது ஒரு புத்தகம். இல்லை, இன்னும் ஒன்றிரண்டு கூட என்கிறது இன்னொன்று. தோற்றவரே அந்தக் கணக்கை மறுத்தாராம். பாவம், எனக்குப் புரிகிறது அவர் கஷ்டம். வியன்னாவில் ஒரு மேதை பதினொன்றில் மேட். போலந்தில் 1950-ல் ஒருவர் ஆறில் மேட், அதுவும் சொந்தக் காய்களே ராஜாவைச் சூழ்ந்து நிற்க. ஆறு! நான் தனி ஆள் இல்லை.

ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். சுத்தமாகப் படி எடுத்து வைத்தேன்.

3.7.88, ஞாயிறு

சங்கக் கூட்டம். மதுரைப் போட்டி செப்டம்பர் 10-ல் தொடக்கம், ஒன்பது சுற்று. தாண்டவராயன் சாருக்குச் சொந்த இன்ஸ்டிட்யூட், பூட்டிவிட்டுப் போகலாம். சவுரிராயனுக்கு டெப்போவில் லீவு வேண்டும். மாவட்டத்தின் சார்பில் ஆடுகிறார், விடுப்பு தந்து உதவவும் என்று செயலாளர் கடிதம் கொடுத்தால் லீவு கிடைக்குமாம். செயலாளர் யார்? நான். ஒருவேளை அவன் போக முடியாவிட்டால் அடுத்த ஆள் யார்? அதுவும் நான்.

யாருக்கும் இதில் ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தோன்றியதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன்.

4.7.88, திங்கள்

லீவு போட்டுவிட்டு விழுப்புரம் போய், தாண்டவராயன் சார் மெஷினில் கடிதத்தை டைப் செய்தேன். தேதி 4.7.88. கையெழுத்துப் போட்டேன். சங்க முத்திரை வீட்டில் இருக்கிறது, அதைக் குத்தி நாளை தபாலில் போடவேண்டும்.

11.7.88, திங்கள்

முத்திரைக்கு மை காய்ந்துவிட்டது.

20.7.88, புதன்

மை வாங்கியாயிற்று. முத்திரையும் குத்தியாயிற்று. பெரிய கவர் கிடைக்கவில்லை. செப்டம்பருக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது.

29.7.88, வெள்ளி

கடிதம் பையில்தான். தபாலாபீஸ் என் ஆபீசுக்கு எதிரிலேயே இருக்கிறது, இதைவிட அசிங்கம் வேண்டுமா? தினம் இரண்டு தடவை அந்தச் சிவப்புப் பெட்டியைத் தாண்டிப் போகிறேன்.

யோசித்துப் பார்த்தால் நியாயமும் இருக்கிறது. அவன் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தான், அதுவும் என் தாளால். நான் நான்கு வருஷம் மதுரை, சேலம் என்று போய் ஆடியவன். மாவட்டத்துக்கு எது நல்லது?

மாவட்டமாம். யாரை ஏய்க்கிறேன் நான்.

14.8.88, ஞாயிறு

இன்று ஒரு செய்தி. தாண்டவராயன் சாருக்கு மெட்ராஸ் நண்பர் எழுதியிருக்கிறார், சார் அந்தக் கடிதத்தை ஆள் மூலம் எனக்கு அனுப்பினார். போன மாதம் சுவிட்சர்லாந்தில் நடந்த போட்டியில் நம் மெட்ராஸ் கிராண்ட்மாஸ்டர், இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், பெட்ராஃப் ஆடி, ஐந்தாவது நகர்த்தலில் பிஷப்பை வெளியே வைத்து, எதிராளி ராணியை ராஜாவுக்கு முன்னால் வைத்ததும் ஆறாவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அதே ஆட்டம். ஒவ்வொரு காயும் அதே. அவரும் அந்த அமெரிக்கா ஆட்டத்தை அச்சில் பார்த்து நம்பித்தான் ஆடினார் என்று பேசிக்கொள்கிறார்களாம்.

இரண்டு தடவை படித்தேன். பிறகு சமையல்கட்டுக்குப் போய்க் கிருஷ்ணவேணியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவருக்கே அப்படி என்றால் எனக்கு என்ன? நான் என்ன தப்புப் பண்ணினேன்? என் பட்டியலில் பத்தாவது பெயர், சிவப்பு மையில். நாளை சுதந்திர தின விடுமுறை. நாளைக்கே விழுப்புரம். எல்லோர் முகத்துக்கும் நேராகப் படிக்கப்போகிறேன்.

15.8.88, திங்கள்

படித்தேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். தாண்டவராயன் சார் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆறு நகர்த்தல் அப்பாதுரை இனி கிராண்ட்மாஸ்டர் அப்பாதுரை என்றார் ஒருவர். இரண்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு வெளியே வந்தது.

சவுரிராயனும் இருந்தான். அவனிடமே கேட்டேன், இப்போது என்ன சொல்கிறாய் என்று. மெதுவாகத்தான் சொன்னான், குத்திக்காட்டுகிற மாதிரிகூட இல்லை.

“அவர யாரும் முன்னாடி கேக்கல சார். உங்கள நான் கேட்டேன்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது படியில் நிறுத்தி லீவு கடிதத்தைப் பற்றி விசாரித்தான். டெப்போவுக்கு இன்னும் வரவில்லையாம். இருபத்தைந்தாம் தேதி செப்டம்பர் மாத டூட்டி சார்ட்டை ஒட்டிவிடுவார்களாம், அதற்கு முன்னால் வந்தால்தான் பெயரை எடுப்பார்களாம். “அனுப்பிட்டீங்க இல்ல சார்?” என்றான்.

அனுப்பிவிட்டேன், தபால் மெதுவாகத்தான் வரும் என்றேன்.

பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

24.8.88, புதன்

இன்று நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று கிளம்பினேன். ஆபீசில் புது மல்லாட்டை வரத்து, ஆள் பற்றாக்குறை. சூப்பரின்டெண்ட் அரை நாள் லீவு தரமாட்டேன் என்றார். தரமாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவசரமா என்று கேட்டார். நான் இல்லை என்றேன்.

ஏன் இல்லை என்றேன்?

28.8.88, ஞாயிறு

மழை. கிருஷ்ணவேணி மடக்குக் குடையைத் தேடி என் பையைக் கவிழ்த்தாள். பட்டியலும் விழுந்தது, கடிதமும் விழுந்தது. அவள் கடிதத்தைத்தான் எடுத்துப் படித்தாள். ஓமந்தூரில் எட்டாவது வரை படித்தவள், ஆனால் ஒரு எழுத்து விடாமல் படிப்பாள்.

இது அந்தக் கண்டக்டருக்கு லீவு கேட்கிற கடிதம்தானே என்றாள். ஆமாம் என்றேன். ஜூலை தேதி போட்டிருக்கிறதே என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பையை யார் தொடச் சொன்னது, என் சங்க விஷயத்தில் உனக்கு என்ன என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. கீழே கிடந்த பட்டியலை எடுத்தாள். பாரிஸ், வியன்னா, போலந்து, சிவப்பு மையில் சுவிட்சர்லாந்து, எல்லாவற்றையும் பார்த்தாள்.

“இவங்கல்லாம் தோத்துட்டு அப்பால இன்னா பண்ணாங்கன்னு எழுதியிருக்குதாங்க?”

இல்லை என்றேன்.

“அதயும் கேட்டு எழுதுங்க” என்று சொல்லிவிட்டு, குடை இல்லாமலேயே கடைக்குப் போய்விட்டாள்.

என்ன செய்திருப்பார்கள்? மறுநாள் காலையில் எழுந்து அடுத்த சுற்று ஆடியிருப்பார்கள். வேறு என்ன? எதிராளிக்கு வந்த தபாலை எவனும் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்க மாட்டான். பத்துப் பேரையும் என் கட்சி ஆட்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட என் கட்சி இல்லை.

29.8.88, திங்கள்

காலையில் கடிதத்தை மேஜையில் விரித்து வைத்து அந்த 7-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பேனாவை ஓட்டினால் 8 ஆக்கிவிடலாமா என்று. டைப் எழுத்து, மை காட்டிக்கொடுத்துவிடும். மறுபடி டைப் அடிக்கலாம் என்றால் தாண்டவராயன் சாருக்குத் தெரிந்துவிடும். சீ, இதையெல்லாமா ஒரு மனுஷன் யோசிப்பான்! அப்படியே ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவன் பஸ் வரும்வரை காத்திருந்து கையிலேயே கொடுத்தேன். தபாலில் திரும்பி வந்துவிட்டது என்று ஒரு பொய். எத்தனையாவது பொய் என்ற எண்ணிக்கையே விட்டுப்போயிற்று. பிரித்துப் பார்த்தான். தாங்ஸ் சார் என்றான்.

31.8.88, புதன்

சார்ட் ஏற்கெனவே ஒட்டிவிட்டார்களாம். பதினொன்றாம் தேதியிலிருந்துதான் லீவு. பத்தாம் தேதி இரவு வரை டூட்டி. முதல் சுற்று பத்தாம் தேதி மத்தியானம்.

டெப்போ ஆளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. இருபத்தைந்து என்று தேதி சொன்னார்கள், நான் இருபத்தொன்பதுக்குக் கொடுத்தேன்.

10.9.88, சனி

மல்லாட்டை ஏலம். ரசீதில் இரண்டு இடத்தில் தப்பு எழுதினேன். கண்ணையன் வந்து உடம்பு சரியில்லையா சார் என்று கேட்டான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மதுரையில் கடிகாரத்தை ஓடவிட்டிருப்பார்கள். ஒரு மணி நேரம் காலி நாற்காலி. அப்புறம் எதிராளிக்கு ஒரு புள்ளி. நானாவது ஐந்து நகர்த்தல் ஆடித் தோற்றேன். அவன் ஒரு நகர்த்தல்கூட ஆடாமல் தோற்றான். இரண்டு தோல்விக்கும் நான்தான் காரணம்.

18.9.88, ஞாயிறு

தாண்டவராயன் சார் வந்துவிட்டார். அவருக்கு நான்கு புள்ளி. சவுரிராயனுக்கு எட்டு ஆட்டத்தில் ஆறு! சேலத்துச் சாம்பியனை அடித்திருக்கிறான். ஆறரை எடுத்தவர்கள் தேசியப் போட்டிக்குப் போகிறார்கள். அரைப் புள்ளி. “அந்த மொத சுத்து மட்டும் இருந்திருந்தா” என்று சார் உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தார். தபால்காரர்களைத் திட்டினார். நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு டிரா போதும் என்று உட்கார்ந்து நான் தோற்ற நாள் நினைவுக்கு வந்தது. அரைப் புள்ளி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

22.9.88, வியாழன்

சொந்த ஊர் கெடாரில் அப்பாவுக்கு ஆறு ஏக்கர். சவுரிராயனின் அப்பா அந்த மாதிரி நிலங்களில் கூலிக்குப் போனவர். இதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சங்கத்தில் எல்லோரையும் போல அவனுக்கும் டீ, அவனுக்கும் நாற்காலி. ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வியைத் தாண்டவராயன் சார் கேட்டிருந்தால்? நின்று பலகையைப் பார்த்திருப்பேன். காயை வைத்துப் பார்த்திருப்பேன். கிராண்ட்மாஸ்டர், அச்சு, எல்லாம் சாக்கு. யார் கேட்டது என்று பார்த்தேனே தவிர என்ன கேட்டது என்று பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

கிருஷ்ணவேணியிடம் சொன்னேன். என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம் என்றாள்.

25.9.88, ஞாயிறு

வேண்டுமென்றே அவன் பஸ்ஸுக்காகக் காத்திருந்து ஏறினேன். விழுப்புரத்தில் எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அவன் கடைசி சீட்டில் பையை மடியில் வைத்து டிக்கெட் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“சவுரி, அந்த லெட்டர் தபால்ல போவவே இல்ல. ரெண்டு மாசம் என் பையிலதான் இருந்துச்சி. நான்தான் போடல.”

கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

“தெரியும் சார். லெட்டர்ல நாலு ஏழுன்னு இருந்துச்சி. கவர்ல ஸ்டாம்பே இல்ல. குடுத்தப்பவே பார்த்தேன்.”

அப்போதே ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

“கேட்டா பதில் சொல்றவரு இல்லியே சார் நீங்க.”

பஸ் டெப்போவுக்குள் போகவேண்டும், இறங்கிக்கொள்ளுங்கள் என்றான். இறங்கினேன். சங்கத்துக்குப் போகவில்லை. ஜங்ஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் வந்துவிட்டேன்.

26.9.88, திங்கள்

இரண்டு தடவை அவன் கேட்டான். மே மாதம் ஒரு தடவை, ஆகஸ்டில் படியில் ஒரு தடவை. முதல் தடவை சிரித்தேன், இரண்டாவது தடவை பொய் சொன்னேன். மூன்றாவது தடவை எவன் கேட்பான்?

9.10.88, ஞாயிறு

சங்கக் கூட்டம். மினிட் புத்தகத்தில் இரவே எழுதி வைத்திருந்ததை எழுந்து நின்று படித்தேன். ‘10.9.88 மதுரை மாநிலப் போட்டி, முதல் சுற்றில் திரு. சவுரிராயன் ஆட முடியாமல் போனதற்குக் காரணம், 4.7.88 தேதியிட்ட கடிதத்தைச் செயலாளர் 29.8.88 வரை அனுப்பாமல் வைத்திருந்தது. தபால் இலாகாவின் தவறு எதுவும் இல்லை.’ தாண்டவராயன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். செயலாளர் பொறுப்பை ஒப்படைக்கிறேன் என்றேன். வேறு ஆள் கிடைக்கும்வரை நீயே எழுதித் தொலை என்றார். முதுகில் தட்டவில்லை.

சவுரிராயன் ஜன்னலோரம் இருந்தார். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பிறகு புதுத் தாளை விநியோகித்தேன். காரோ-கான், கறுப்புக்கு ஒரு புது வழி, மறுபடியும் மெட்ராஸ் புல்லட்டின்தான். இருபது தாள். இந்தத் தடவை தலைப்பில் ஒன்றும் எழுதவில்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பலகையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன். தாளில் இருந்தபடி காய்களை வைத்தேன். ஒரு கட்டத்தில் விரலை வைத்தேன்.

“சவுரிராயன், ராணி இங்க வந்தா இன்னா பண்றது?”

பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பப் பலகையைப் பார்த்தார்.

“தெரில சார்” என்றார். “குந்துங்க, பாக்கலாம்.”

இரண்டு பஸ் போய்விட்டது. நாலாவது நகர்த்தலிலேயே பெரிய ஓட்டை, அவர்தான் பிடித்தார். இருபது தாளும் வீண், எல்லாவற்றையும் திருப்பி வாங்கி, மறுபடி ஸ்டென்சில் வெட்டி, மறுபடி உருட்டவேண்டும். அந்தப் பாழாய்ப்போன மெஷின். வீட்டுக்கு வந்ததும் கிருஷ்ணவேணி சட்டையில் இருந்த மையைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நிறுத்தி, கால் மணி நேரம் திட்டினாள்.